செலினியம் வாங்கப் போன டெல்லி

டெல்லிக்குச் செலினியம் வாங்கப் போகிறேன் என்றுதான் நாமக்கல்லில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. ஆனால் செலினியம் வாங்கப் போகிறவன் ஒரு டப்பா தேங்காய் பர்பியும், மல்லிகைப் பூவை வாழையிலையில் பொட்டலம் கட்டியும் எடுத்துக்கொண்டு போகமாட்டான். பூ போபால் தாண்டுவதற்குள் கருகிவிட்டது. ஜனவரிக் குளிர் காப்பாற்றிவிடும் என்று நினைத்திருந்தேன்.

எனக்குத் தொழில் கோழித் தீவனத்தில் சேர்க்கும் தாது உப்புக் கலவை தயாரிப்பது. பட்டறை சின்னது. துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு, தாமிரம் என்று ஒவ்வொன்றாக எடை போட்டுக் கலக்குவோம். அதில் செலினியம் உப்பு சிட்டிகைக்கும் கீழே. அது இல்லையென்றால் குஞ்சு நோஞ்சானாகப் போகும், முட்டை சரியாகப் பொரிக்காது. கொஞ்சம் கூடினால் கோழியே செத்துப்போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொன்னவர் எங்கள் தொழிலில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சில மாதங்களாக அதன் விலை ஏறிக்கொண்டே போனது. வழக்கமாகத் தரும் சென்னைக்காரர் கப்பல், துறைமுகம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். டெல்லியில் ஒரு வியாபாரியிடம் சரக்கு இருப்பதாகத் தெரிந்தது. ஃபோனிலேயே முடித்திருக்கலாம். நேரில் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று எனக்கு நானே அடம்பிடித்துக் கிளம்பினேன்.

ஏனென்றால் டெல்லியில் என் மனைவி சித்ரா இருக்கிறாள். ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினி அவளோடு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்கிறாள். நான் நாமக்கல்லில். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் குடும்பம் ரயில் அட்டவணையை ஒட்டித்தான் நடக்கிறது. இப்போது முதல்முறையாக ஒரு வழி திறந்திருந்தது. சேலத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு வருகிறாயா என்று சித்ராவைக் கேட்டிருந்தார்கள். சேலம் என்றால் நாமக்கல்லில் இருந்து தினமும் பஸ்ஸில் போய்வரலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லப் போகிறாள் என்று ஃபோனில் கேட்டேன். “நேர்ல பேசிக்கலாங்க” என்றாள். அதற்காகத்தான் ரயில் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை யாழினி கதவைத் திறந்தாள். என் தோள் உயரத்துக்கு வந்திருந்தாள். பெயரில் ழகரம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்தவன் நான். டெல்லி முழுக்க அவள் ‘யாலினி’. அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். மம்மி ஆபீஸ் போயிட்டாங்க என்றாள். ஹாட் கேஸில் இட்லியும், ஃபிளாஸ்கில் காப்பியும் இருந்தன. பள்ளி வேன் ஹாரன் அடித்ததும் “பை அப்பா” என்று ஓடிவிட்டாள்.

வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் இரண்டு பேருடைய செருப்பு. குளியலறைக் கொக்கியில் இரண்டு துண்டு. பிரஷ் வைக்கும் டம்ளரில் இரண்டு பிரஷ். எனக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டு துவைத்து, மடிப்புக் கலையாமல் கட்டிலில் இருந்தது. விருந்தாளிக்கு வைப்பதுபோல் வைத்திருக்கிறாளே என்று கோபம் வந்தது. துவைத்து வைத்ததற்கு ஒருத்தி மேல் கோபப்படும் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

செலினியத்தில் ஒரு சங்கடம் உண்டு. கையாளுகிறவர் உடம்பில் அளவு மீறி ஏறினால் மூச்சில் பூண்டு வாசம் அடிக்கும். அதுதான் முதல் எச்சரிக்கை. நாங்கள் முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுத்தான் வேலை செய்கிறோம். ஆனாலும் எனக்குள் அந்தப் பயம் எப்போதும் உண்டு. தன் மூச்சின் வாசம் தனக்குத் தெரியாது. தெரிந்து சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். சாயங்காலம் சித்ரா சால்வையைக் கழற்றியதும் முதலில் அதைத்தான் கேட்டேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை, ரயில் சமோசா வாசம்தான் என்றாள். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சேலத்தைப் பற்றிக் கேட்பதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை சரக்குப் பார்க்கக் கிளம்பினேன். ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் நேரே சாந்தினி சௌக், அங்கிருந்து நடந்தால் திலக் பஜார் என்று சித்ரா படித்துப் படித்துச் சொன்னாள். ஆட்டோவில் போனால் ஊரைப் பார்க்கலாமே என்று நான் ஆட்டோ பிடித்தேன். என் இந்திக்குத் தகுந்த கூலி கிடைத்தது. ஊரை நன்றாகப் பார்த்தேன். ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடத்தில் ரசாயனக் கடை ஒன்றுகூட இல்லை. அது திலக் நகர். டெல்லியின் மேற்குக் கோடி. திலக் என்றது காதில் விழுந்தது, பஜார் என்றது விழவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். கடைசியில் மெட்ரோவில்தான் போனேன்.

திலக் பஜார், காரி பாவ்லி மசாலாச் சந்தையை ஒட்டியது. மிளகாய் மண்டியைத் தாண்டும்போது எதிரே வருகிறவர்கள் எல்லோரும் தும்முகிறார்கள். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் தும்மிக்கொண்டே எனக்கு வழிவிட்டார். நானும் தும்மிக்கொண்டே நன்றி சொன்னேன். மசாலா நெடி முடியும் இடத்தில் அமில நெடி தொடங்குகிறது. அங்கே ஒரு மாடியில் நான் தேடி வந்த வியாபாரி குப்தாஜியின் கடை. கடை என்றால் ஒரு மேஜை, நாலு நாற்காலி, அலமாரியில் சாம்பிள் பாட்டில்கள். சரக்கு எல்லாம் ஊருக்கு வெளியே கோடவுனில்.

குப்தாஜி எனக்குச் சாயும், மட்ரி என்ற உப்புத் தட்டையும் வரவழைத்துக் கொடுத்து உலக வியாபாரத்தை விளக்கினார். செலினியத்துக்கென்று யாரும் சுரங்கம் தோண்டுவதில்லையாம். தாமிரத்தை மின்சாரம் விட்டுச் சுத்தம் செய்யும்போது தொட்டிக்கு அடியில் ஒரு கசடு தங்கும். தங்கம், வெள்ளியோடு இதுவும் அந்தக் கசடுக்குள் இருக்கும். “தாமிரம் கல்யாணப் பெண் என்றால் இது அவளோடு வரும் நாத்தனார்” என்று இந்தியில் சொன்னார். எங்கள் ஊரில் நாத்தனார் பெண்ணோடு வரமாட்டார், போன வீட்டில் இருப்பார் என்று சொல்ல நினைத்தேன். இந்தி போதவில்லை. ஜப்பான், கொரியா, ஜெர்மனி, பெல்ஜியம் என்று எங்கெங்கோ தாமிரம் காய்ச்சினால்தான் இது பிறக்கும். சீனாவில் மாங்கனீசு எடுக்கும் ஆலைகள் மின்சாரச் செலவைக் குறைக்க இதை வாங்கிப் போடுகின்றன. அவர்கள் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வாங்கினால் நாமக்கல் கோழிக்கு விலை ஏறிவிடும். எங்கள் கோழிகளுக்கு இது தெரியாது. தீவனத்தைக் கொத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன.

பக்கத்து நாற்காலியில் ஃபிரோசாபாத்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி டம்ளர் செய்யும் உலை வைத்திருப்பவர். அவரும் செலினியத்துக்குத்தான் வந்திருந்தார். கண்ணாடிக்கு எதற்கு என்று கேட்டேன். மணலில் இரும்பு இருக்கும், அதனால் கண்ணாடி பச்சையடிக்கும், செலினியம் போட்டால் தெளிந்துவிடும் என்றார். பச்சையை எடுத்துவிடுமா என்றேன். இல்லையாம். இது லேசாகச் சிவப்பைச் சேர்க்கும். இரண்டு நிறமும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும், பார்ப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். “பச்சை எங்கேயும் போவதில்லை, உள்ளேதான் இருக்கிறது” என்றார். தினம் ராத்திரி நானும் சித்ராவும் ஃபோனில் ‘சாப்பிட்டாச்சா, நல்லா இருக்கறீங்களா’ என்று பேசிக்கொள்வது நினைவுக்கு வந்தது.

ஒரு காலத்தில் செலினியம் பெரும்பாலும் ஜெராக்ஸ் மெஷினுக்குத்தான் போகும் என்றார் குப்தாஜி. அந்த உருளையின் மேல் பூசியிருப்பார்கள், வெளிச்சம் பட்டால் அதில் எழுத்து பதியும். எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. தாது உப்புக்கு முன்னால் நான் நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் அருகே ஜெராக்ஸ் கடைதான் வைத்திருந்தேன். பழைய மெஷின், செலினியம் உருளை. சித்ரா அங்கேதான் சான்றிதழ்களை நகல் எடுக்க வந்தாள். மத்திய அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னாள். அவள் நின்றுகொண்டிருக்கட்டும் என்று நானும் மங்கலாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நன்றாக விழுந்த நகல்தான் அவளை டெல்லிக்கு அனுப்பிவைத்தது.

சரக்கு எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன். ‘கல்’ என்றார் குப்தாஜி. இந்தியில் கல் என்றால் நாளை. நேற்றைக்கும் அதே கல்தான். நேற்றா நாளையா என்பதைப் பேச்சின் வாலைப் பிடித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஃபோன் செய்தபோதும் கல் என்றார். மறுநாள் ஞாயிறு, ஆகவே திங்கட்கிழமை. சரக்கு தாமதமாகிறது, இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்று குப்தாஜியின் வாடிக்கையாளர் ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சனிக்கிழமை சித்ராவுக்கு ஆபீஸில் ஏதோ அவசர வேலை. எனக்கும் யாழினிக்கும் விடுமுறை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. சேலத்துக்கு வருவதைப் பற்றி சித்ரா எப்போதோ ஒரு கவலையைச் சொல்லியிருந்தாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத வராது, பேச்சும் அரைகுறை, அங்கே வகுப்பில் ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று. அந்த ஒரு முடிச்சை நான் அவிழ்த்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக அவிழும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வீட்டைப் பூட்டி இறங்கும்போது அவள் கேட்டாள். “அப்பா, நாங்க எங்க போறோம்?”

“நீங்க எங்கயோ போங்க. நான் எங்க போறது?” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு நடந்துகொண்டே விளக்கினேன். யாரிடம் பேசுகிறாயோ அவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம’. அவரை விட்டுவிட்டால் ‘நாங்க’. நீயும் மம்மியும் கடைக்குப் போனதை என்னிடம் சொன்னால் நாங்க போனோம். நானும் கூட வந்தால் நாம போறோம். அவள் நின்று யோசித்தாள். இந்தியில் இரண்டுக்கும் ஒரே ‘ஹம்’தான். “அப்போ ரெண்டு வேர்ட் எதுக்கு அப்பா? யார் வர்றாங்கன்னு பார்த்தாலே தெரியுமே?” என்றாள்.

மார்க்கெட்டில் ஸ்வெட்டர் குவியலைச் சுற்றி ஜனம் மொய்த்தது. ஒரு கல்லூரிப் பெண் ‘அண்ணா, சீக்கிரம்’ என்று இந்தியில் கத்த, கடைக்காரர் அவள் கேட்ட விலைக்குப் பாதி மனதோடு தலையாட்டினார். ஓரத்தில் ஒருவர் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கரியில் சுட்டு, தோல் உரித்து, எலுமிச்சையும் மசாலாவும் பிசிறித் தொன்னையில் கொடுத்தார். எங்கள் ஊரில் அதை அவித்து அப்படியே தின்போம். புளிப்பும் காரமும் அதற்குப் பொருந்தும் என்று யார் கண்டார்கள். பக்கத்தில் அவித்த முட்டை விற்கும் வண்டி. எனக்குக் கை சும்மா இருக்குமா. ஒன்றை வாங்கி உடைத்து மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. நாமக்கல் முட்டை இப்படி இருக்காது என்று பெருமையடித்தேன். யாழினி அவமானத்தில் இரண்டடி தள்ளி நின்றாள்.

திரும்பும்போது அவளாகவே பாடத்தை எடுத்தாள். நாம எது, நாங்க எது என்று மறந்துபோகிறதாம். நினைவு வைக்க ஒரு வழி சொன்னேன். “நம்ம ஊரு பேர்லயே இருக்குது கண்ணு. நாமக்கல். நாம.” ஊர்ப் பெயருக்கு மலையையும் கோயிலையும் வைத்து உண்மையான விளக்கம் வேறு உண்டு. வாத்தியார் வேலையில் அதையெல்லாம் பார்த்தால் முடியாது.

அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “நாம… கல்.” பிறகு சிரித்தாள். “எந்தக் கல் அப்பா? நேத்தா, நாளைக்கா?”

நான் கிழங்குத் தொன்னையைத் தூக்கிப் போடக் குப்பைத்தொட்டி தேடினேன்.

ஞாயிறு மதியம் நல்ல வெயில். டெல்லியில் குளிர்காலத்து ஞாயிறு வெயிலை யாரும் வீட்டுக்குள் இருந்து வீணாக்குவதில்லை. குவார்ட்டர்ஸ் புல்வெளியில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கின்னு ஆரஞ்சு உரிப்பவர்கள், பின்னல் ஊசியோடு இருப்பவர்கள், வெறுமனே முதுகைக் காட்டிப் படுத்திருப்பவர்கள். ரிடையர்ட் தமிழ்க்காரர் ஒருவர் கம்பளித் தொப்பியோடு வந்து, நாமக்கல்லில் இப்போது வெயிலா என்று விசாரித்துவிட்டுப் போனார். சித்ரா நடுவில் பட்டாணி மூட்டையைக் கொட்டினாள். இருவரும் உரித்தோம். யாழினி தள்ளி இருந்த மைதானத்தில் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தாள்.

நான் ஆரம்பித்தேன். பொண்ணு நல்லா பிடிச்சுக்கறா, இரண்டு மாதம் உட்கார வைத்தால் தமிழ் வந்துவிடும், சேலத்தில் நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, விசாரித்துவிட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். சித்ரா பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னாள்.

“சேலத்துக்கு வேண்டாம்னு வெள்ளிக்கிழமையே சொல்லீட்டனுங்க.”

வெள்ளிக்கிழமை நான் திலக் நகரில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முதலில் அதுதான் தோன்றியது.

அவளே பேசினாள். இந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வரும். போனால் அது போய்விடும், திரும்பி வந்தாலும் கிடைக்காது. யாழினி இரண்டாவது முறை வேர் பிடிக்க மாட்டாள். இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் புது குவார்ட்டர்ஸும் கிடைத்திருக்கிறது. ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னாள். ஒன்றிலும் பொய் இல்லை. எனக்கும் ஆசையில்லாமலா என்று சொன்னபோது குரல் இறங்கியது. பட்டறையை விட்டுவிட்டு இங்கே வருகிறீர்களா என்று அவள் முன்பு கேட்டதுண்டு. இந்த முறை அதைக் கேட்கவில்லை. கோழி எல்லாம் அங்கே இருக்கிறது, நான் இங்கே வந்து யாருக்கு உப்புக் கலக்குவது.

“நாங்க ரெண்டு பேரும் இங்கியே இருந்துக்கறமுங்க,” என்றாள். “நீங்க எப்பவும் போல வந்துட்டுப் போங்க.”

சித்ரா ராசிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள். டெல்லியில் இத்தனை வருடம் இருந்தும் அவள் பேச்சில் ஓர் இந்திச் சொல் ஒட்டாது. அவள் நாங்க என்றால் நாங்கதான். அது சரியாக இருந்ததுதான் எனக்கு வலித்தது. பட்டாணி தீரும்வரை உரித்தேன். நிறைய இருந்தது, அதுவரை நல்லது.

திங்கட்கிழமை குப்தாஜியின் கல் ஒருவழியாக இன்றைக்கு ஆனது. சீல் வைத்த டிரம்மைப் பார்த்து, கொரியாவிலிருந்து வந்த ஆய்வுச் சான்றிதழைப் படித்து, பேரம் பேசி முடித்தேன். நஞ்சு என்பதால் கையில் கொண்டுபோக முடியாது, அதற்குரிய லாரியில் வரும். என்னைவிடப் பத்திரமாக அது ஊர் போய்ச் சேரும் என்றார் குப்தாஜி. ஃபிரோசாபாத்காரரும் வந்திருந்தார். மாதிரிக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் தெளிந்திருந்தது.

சாயங்காலம் சித்ரா பர்மிஷன் போட்டு வந்தாள். மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். கூட்டத்தில் ஒரு குடும்பம் ரஜாய்ப் போர்வை மூட்டைகளோடு எங்களை இடித்துத் தள்ளி, பிறகு மன்னிப்புக் கேட்டுப் பாப்கார்ன் கொடுத்தது. சித்ரா புளியோதரைப் பொட்டலத்தை என் பையில் திணித்தாள். ஸ்வெட்டரை இரவு கழற்றக் கூடாது, முகக்கவசத்தைப் பழசாக விடக் கூடாது என்றாள். சரி சரி என்றேன். பிறகு அவள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தாள்.

யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒப்பிக்கப் போகிறவள்போல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

“அப்பா, எக்ஸாம் முடிஞ்சதும் நாம புது வீட்டுக்குப் போறோம். அங்க லிஃப்ட் இருக்கு. நாம பால்கனியில செடி வைக்கப் போறோம்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “நாம… கரெக்டா அப்பா?”

அந்த இடத்தில் நாங்க என்றுதான் வர வேண்டும். மில்லிகிராம் பிசகினால் மூட்டையையே கொட்டிவிடச் சொல்கிறவன் நான்.

“கரெக்ட் கண்ணு,” என்றேன்.